19 வோல்ட் எங்கே போனது?

எங்கள் மாட்டுக்கொட்டகை மோட்டார் இரண்டாவது முறை எரிந்தபோது, அதைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு சோழவந்தானிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினேன். ஒரு எச்.பி. (குதிரைத்திறன்) மோனோபிளாக், அதாவது பம்பும் மோட்டாரும் ஒன்றாக இருப்பதுதான், ஆனால் கனம் தோளை அறுத்தது. கருகிய வார்னிஷ் வாடை பஸ்ஸுக்குள் பரவி, முன் சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் மறக்காமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

முதல் முறை எரிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அப்போது வயரிங் செய்தவரைக் கேட்டால் மோட்டார் சரியில்லை என்றார். மோட்டார் விற்ற கடையில் கேட்டால் லைன் சரியில்லை என்றார்கள். நடுவில் நின்ற நான் இரண்டு தடவை காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கட்டும் கூலி கொடுத்தேன்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். ஓம் விதியைப் பத்தாம் வகுப்பில் படித்து ஐந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மின்னழுத்தம் (வோல்ட்), மின்னோட்டம் (ஆம்பியர்), மின்தடை (ஓம்), மின்திறன் (வாட்) எல்லாம் பரீட்சைத் தாளோடு போய்விட்டன. வெளியே வந்தால் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கரண்ட். கரண்ட் போய்விட்டது, கரண்ட் அடித்துவிட்டது, கரண்ட் கம்பி, கரண்ட் பில். நான்கு வேறு வேறு சரக்கை ஒரே தலைப்பில் எழுதிவைத்தால் எந்தக் கணக்கும் நேராகாது. என் குழப்பத்தில் பாதி அந்த ஒரு சொல்லில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் வைண்டிங் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். சாக்கை அவிழ்த்ததும் மோட்டாரைத் தொடாமலே கேட்டார்.

"எங்கிட்டு இருந்துப்பா வாற?"

"சோழவந்தான்ணே."

"வீட்டுக்கும் மோட்டாருக்கும் எம்புட்டுத் தூரம்?"

"எம்பது மீட்டர் இருக்கும்ணே. தென்னந்தோப்புக்கு அங்கிட்டு கொட்டகை."

"என்ன வயரு?"

"ஒரு ஸ்கொயர். பத்து ஆம்ஸ் தாங்கும்னு சொல்லித்தான் போட்டாங்க."

சிரித்தார். "தாங்கும்ப்பா. நீ தாங்குமான்னு மட்டும் கேட்டிருக்க. கொண்டுபோய்ச் சேக்குமான்னு கேட்டியா? காயிலு எத்தன தடவ வேணாலும் கட்டித் தாரேன், எனக்கு ஏவாரம்தான். வயர மாத்துற வரைக்கும் நீ வந்துக்கிட்டேதான் இருப்ப."

எனக்குக் கோபம் வந்தது. "வோல்ட்டேஜ் பாத்தாச்சுண்ணே. மீட்டர் வச்சு வீட்லயும் பாத்தோம், கொட்டகையிலயும் பாத்தோம். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஓடும்போது பாத்தியா, ஓடாதப்பப் பாத்தியா?"

ஓடாதபோதுதான். ஆனால் அதில் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அவர் சுவரைக் காட்டினார். அங்கே பலகையில் இரண்டு பல்பு ஹோல்டர்கள், ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வரியில் இணைத்தவை. புதிதாகக் காயில் கட்டிய மோட்டாரை நேராக லைனில் போடாமல், ஒரு பல்பை முன்னால் வைத்துச் சோதிப்பதற்கான சீரிஸ் போர்டு அது. காயிலில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், வேறெதுவும் கருகாது. ஒரு ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பும் இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்பும் மாட்டினார்.

"தனித்தனியாப் போட்டா எது நல்லா எரியும்?"

"நூறு."

"சீரிஸ்ல சேத்துப் போட்டா?"

"அப்பவும் நூறுதாண்ணே."

"ஒரு டீ, ஒரு பருப்பு வடை. சரியா?"

சுவிட்சைத் தட்டினார். 40 வாட் பல்பு கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒழுங்காக எரிந்தது. 100 வாட் பல்புக்குள் இழை மட்டும் பீடி நுனி போலச் சிவந்திருந்தது. வடை வாங்கப் போகும்போது எனக்குத் தோற்றது பற்றிக்கூட வருத்தமில்லை. கணக்கு இடித்ததுதான் பெரிய வருத்தம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய டைரியில் போட்டுப் பார்த்தேன். நமக்கு வேண்டியவை இரண்டே வாய்ப்பாடுகள். வோல்ட் = ஆம்பியர் × ஓம். வாட் = வோல்ட் × ஆம்பியர். மீதி எல்லாம் இந்த இரண்டையும் கலந்து எடுத்தவை. அப்படி எடுத்தால், ஓம் = வோல்ட் × வோல்ட் ÷ வாட். பல்பின் மேல் எழுதியிருக்கும் 40, 100 எல்லாம் 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் செய்கிறேன் என்று பல்பு கொடுக்கும் வாக்கு மட்டுமே. 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை 40-ஆல் வகுத்தால் 1,322 ஓம். 100-ஆல் வகுத்தால் 529 ஓம். குறைந்த வாட் பல்புக்குத்தான் தடை அதிகம்! இதுவே எனக்குப் புதுச் செய்தி.

வரிசையில் இருப்பதால் தடையைக் கூட்டவேண்டும்: 1,851 ஓம். 230-ஐ அதனால் வகுத்தால் 0.124 ஆம்பியர். வழி ஒன்றுதான் என்பதால் இரண்டு பல்பிலும் இதே ஓட்டம். இப்போது 0.124-ஐ 1,322-ஆல் பெருக்கினால் 164 வோல்ட், 529-ஆல் பெருக்கினால் 66 வோல்ட். கூட்டினால் 230. டேலி! வாட் பார்த்தால் 40 வாட் பல்பில் சுமார் 20, 100 வாட் பல்பில் 8. இழை முழுச்சூடு ஏறாதபோது அதன் தடை குறைந்துவிடுவதால் நிஜ எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் யார் ஜெயிப்பார் என்பது மாறாது.

அந்த 'டேலி'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு சுற்றில் கொடுத்த வோல்ட்டும் வழியில் செலவான வோல்ட்டும் பைசா சுத்தமாகச் சமமாகவேண்டும். கிர்க்காஃப் என்ற ஜெர்மானியர் 1845-ல், மாணவராக இருந்தபோதே எழுதிவைத்த விதி இது. எனக்கு அது நாங்கள் தினமும் சாயங்காலம் கல்லாவை எண்ணி முடிக்கும் வேலையாகவே தெரிந்தது. வரவு இவ்வளவு, பற்று இவ்வளவு, வித்தியாசம் வந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

மோட்டாரைத் திரும்ப வாங்க வந்த அன்று டவுன் ஹால் ரோட்டில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு டாங் டெஸ்டரும் வாங்கினேன். டாங் டெஸ்டர் என்பது கிடுக்கி போல வயரைக் கவ்வி, வெட்டாமலே ஆம்பியர் காட்டுவது. முதல் நாள் அதை மோட்டார் வயரில் கவ்வவிட்டால் 0.0 காட்டியது. ஏமாந்துவிட்டோம், டப்பா சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறேன். போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். ஓட்டத்தைக் கொண்டுபோகும் ஃபேஸ் வயரை மட்டும் பிரித்துக் கவ்வவேண்டும்.

தம்பியை வீட்டு மெயின் போர்டுக்குப் பக்கத்து சாக்கெட்டில் ஒரு மீட்டரோடு உட்காரவைத்தேன். நான் கொட்டகையில் இன்னொன்றோடு. நடுவில் போன். மோட்டார் ஓடாதபோது இரண்டு பக்கமும் 204. சரி, இதைத்தான் முன்பும் பார்த்தோம். மோட்டாரைப் போட்டேன். ஒரு முனகல், அப்புறம் மெதுவாகப் பிடித்து ஓட ஆரம்பித்தது.

"அங்க எவ்வளவுடா?"

"204-தாண்ணே. ஆடல."

என் கையில் 185. டாங் டெஸ்டரில் 6.5 ஆம்பியர்.

தம்பியிடம் 204 புறப்பட்டிருக்கிறது, என்னிடம் 185 வந்திருக்கிறது. 19 வோல்ட்டைக் காணோம். நடுவில் வயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஓட்டம் இல்லாதபோது ஏன் தெரியவில்லை என்றால், பூஜ்யம் ஆம்பியரை எத்தனை ஓமால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். வயர் தனக்கென்று எடுத்துக்கொள்வது சரக்கு போகும்போது மட்டும். சும்மா இருக்கும்போது சோதித்தால் யோக்கியன்தான்.

19-ஐ 6.5-ஆல் வகுத்தால் 2.9 ஓம். அதை வேறு வழியிலும் சரிபார்க்க நினைத்தேன். ஒரு ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டு 1 சதுர மி.மீ. உள்ள செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம் என்று வயர் அட்டவணைகளில் இருக்கும். 80 மீட்டருக்கு 1.45 ஓம். என் 2.9-ல் சரியாகப் பாதி. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஃபேஸ் 80 மீட்டர் போகிறது, நியூட்ரல் 80 மீட்டர் திரும்பி வருகிறது. கணக்கில் 160 மீட்டர் எடுக்கவேண்டும். இந்தத் தப்பைச் செய்யாத ஆள் கிடையாது என்று அண்ணன் பிறகு சொன்னார். வயர் தூரம் கேட்டால் இரண்டால் பெருக்கு, அவ்வளவுதான். இழை இழையாக முறுக்கிய வயர் என்றால் தடை இன்னும் கொஞ்சம் கூடும்.

19 வோல்ட் போனால் மோட்டார் எரிந்துவிடுமா? ஓடிக்கொண்டிருக்கும்போது சமாளிக்கும். ஆனால் மோட்டாரைப் போட்ட அந்த நொடியில்தான் வம்பு. நிற்கும் மோட்டார் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப் போல ஐந்து மடங்கு வரை இழுக்கும், அதாவது இங்கே முப்பதுக்கு மேல். அந்த நேரத்தில் மோட்டாரை ஏறக்குறைய 7 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு வயரின் 2.9 வரிசையில். 204 வோல்ட்டை 7-க்கும் 2.9-க்கும் பங்குவைத்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 144 வோல்ட். வயரும் காயிலும் ஏ.சி.யில் (திசை மாறி மாறி ஓடும் நம் வீட்டு மின்சாரத்தில்) ஒரே மாதிரி நடக்காது, அதனால் இப்படி நேராகக் கூட்டுவது துல்லியம் இல்லை. ஆனால் தோப்பில் நின்று முடிவெடுக்க இது போதும். சுழற்றும் விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 230-க்கு 144 என்றால் விசை ஐந்தில் இரண்டு பங்குதான். தொட்டியில் தண்ணீர் இருந்து பம்பும் கனத்தால், மோட்டார் சுற்றாமல் முனகிக்கொண்டே நிற்கும். நிற்கும் வரை அந்த இருபது, முப்பது ஆம்பியர் காயிலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டுப் பால் கறக்கப் போயிருப்பார்.

4 சதுர மி.மீ. வயர் போட்டேன். கிலோமீட்டருக்கு 4.6 ஓம், 160 மீட்டருக்கு 0.74. ஓடும்போது குறைவது 5 வோல்ட். கிளம்பும்போது மோட்டாருக்கு 184 வோல்ட். முனகல் நின்றது. அதற்குப் பிறகு காயில் எரியவில்லை.

வயரில் வீணாகும் வாட்டையும் போட்டேன், கணக்கன் புத்தி. ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். 6.5 × 6.5 × 2.9 = 122 வாட். தோப்பில் காற்றைச் சூடாக்குவதற்கு! நாளுக்கு 2 மணி நேரம் என்றால் இரண்டு மாதப் பில்லில் 120 மணி. கிட்டத்தட்ட 15 யூனிட். புது வயரில் 4 யூனிட்கூட வரவில்லை. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம் எரிவது, அதில் ரகசியம் ஒன்றுமில்லை. சின்ன மனக்கணக்கு இது, ஆனால் இதைப் போடாமலே நம்மில் பலர் பில்லைப் பார்த்து மலைக்கிறோம்.

ஆனால் இங்கேதான் எனக்குள் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. ஒரு வாய்ப்பாட்டில் ஓம் பெருக்கலில் இருக்கிறது: தடை கூடினால் சூடு கூடும். இன்னொன்றில் (வோல்ட் × வோல்ட் ÷ ஓம்) ஓம் வகுத்தலில் இருக்கிறது: தடை கூடினால் சூடு குறையும். 40 வாட் பல்புக்குத் தடை அதிகம், தனியாகப் போட்டால் மங்கல், வரிசையில் போட்டால் பிரகாசம். இரண்டுமே சரி என்றால் எப்படி? பத்தாம் வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த முறை சிம்மக்கல் போனபோது அண்ணனிடம் கேட்டேன்.

"எது அசையாம நிக்குதுன்னு மொதல்ல பாருப்பா. வீட்டு சாக்கெட்ல வோல்ட்டு நிக்குது, நீ என்ன மாட்டுறியோ அதுக்குத் தக்கன ஆம்ஸ் மாறும். சீரிஸ்ல ஆம்ஸ் பொது, வோல்ட்டுதான் பங்கு பிரியும். நிக்கிறதப் புடிச்சுக்கிட்டு மத்ததப் போடு."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. ஓம் விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓம் பட்ட பாடும் இதுதான் என்று பிறகு தெரிந்தது. பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்து மின்கலங்கள் வோல்ட்டைச் சீராகத் தரவில்லை, அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் செம்பையும் பிஸ்மத் என்ற உலோகத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்தச் சூட்டு வித்தியாசத்தில் வோல்ட் பிறக்கும்; இரண்டு வெப்பநிலையும் மாறாது என்பதால் வோல்ட்டும் மாறவில்லை. அதன் பிறகுதான் கம்பியை மாற்றி மாற்றி அளந்து 1827-ல் நூலாக வெளியிட முடிந்தது.

'எது அசையாமல் நிற்கிறது?' என்ற இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வீட்டில் இரண்டு மர்மங்களைத் தீர்த்தேன்.

ஒன்று, கீசர் பிளக். வேலைக்காக மதுரையில் ஆரப்பாளையத்தில் குடியிருந்த வீட்டில், 2,000 வாட் கீசரின் பவர் பிளக் ஒரு கால் மட்டும் கருகிக்கொண்டே வந்தது. மூன்று பிளக் மாற்றினேன். எம்.சி.பி. (ஓட்டம் மீறினால் தானாக விழும் சுவிட்ச்) ஒரு தடவைகூட விழவில்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். கீசரின் தடை 52,900 ÷ 2,000 = 26 ஓம். ஓட்டம் 8.7 ஆம்பியர். சாக்கெட்டுக்குள் ஸ்பிரிங் தளர்ந்து, பிளக் காலோடு சரியாக ஒட்டாமல் அரை ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 26 ஓமோடு அரை ஓம் சேர்ந்தால் ஓட்டம் பெரிதாக மாறாது, 8.5 ஆகும். ஆக இங்கே ஆம்பியர்தான் நிற்கிறது. அப்படியென்றால் பெருக்கல் வாய்ப்பாடு: 8.5 × 8.5 × 0.5 = 36 வாட். டிவி மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு ஒரு பட்டாணி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள். எம்.சி.பி. ஏன் விழவில்லை? லூஸ் கனெக்ஷனால் ஓட்டம் கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்திருக்கிறது. எம்.சி.பி. கூடுதல் ஓட்டத்துக்குக் காவல், லூஸ் கனெக்ஷனுக்கு இல்லை. நான் மாற்றியிருக்கவேண்டியது பிளக்கை அல்ல, சாக்கெட்டை. இப்போதெல்லாம் கீசர் ஓடி நின்றதும் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் ஆள் கூப்பிடுவேன்.

இன்னொன்று பெரிய மர்மம். அதே வீட்டில் ஒரு சாயங்காலம் டியூப்லைட் திடீரென்று வெள்ளைவெளேர் என்று எரிந்தது, ஃபேன் என்றைக்கும் இல்லாத வேகத்தில் சுற்றியது. "வோல்ட்டேஜ் சூப்பரா வருது" என்று மனைவி சொல்லி முடிக்கவில்லை, டிவிக்குள் 'டப்' என்றது. எதிர்வீட்டில் அதே நேரம் லைட் மங்கிப்போயிருந்தது. தெருவில் நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று வந்து பார்த்தவர் சொன்னார். அன்று எனக்குப் புரியாதது, பிறகு டைரியைப் புரட்டும்போது விளங்கியது. அந்த 40 வாட், 100 வாட் பந்தயமேதான்.

எங்கள் வீடு ஒரு ஃபேஸ், எதிர்வீடு வேறு ஃபேஸ். நியூட்ரல் இருக்கும்வரை ஆளுக்கு 230. அது அறுந்தால் இரண்டு வீடும் வரிசையில், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். எதிர்வீட்டில் 2,000 வாட் ஓடியிருந்தால் 26 ஓம். எங்கள் வீட்டில் டிவி, ஃபேன், லைட் எல்லாம் சேர்த்து 200 வாட் என்றால் 264 ஓம். குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் தடை அதிகம், அதனால் வோல்ட்டில் பெரும்பங்கு அதற்கே. 400-ல் 264 பங்கு, மொத்தம் 290-க்கு: 364 வோல்ட். சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனை! நிஜத்தில் மூன்று ஃபேஸிலும் பல வீடுகள் கலந்திருக்கும், எண் மாறும். ஆனால் லைட் வழக்கத்துக்கு மீறிப் பிரகாசமானால் ரசிக்காமல் ஓடிப்போய் மெயினை அணைக்கவேண்டும் என்பதை அன்றைய டிவி விலைக்குக் கற்றுக்கொண்டேன்.

சின்ன வயதில் வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்குத் தெருவில் சீரியல் செட் கட்டுவோம். 6 வோல்ட் குட்டி பல்பு 38 போல ஒரு வரி. ஒன்று அணைந்தால் வரி முழுதும் அணையும். அணைந்ததைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்து வயரை முறுக்கி ஒட்டவைப்போம். முதலில் எல்லாம் நன்றாக எரிவது போலிருக்கும். ஏழெட்டு எடுத்தபிறகு மளமளவென்று பல்புகள் போக ஆரம்பிக்கும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்போம். 230-ஐ 38 பேர் பங்குபோட்ட இடத்தில் 30 பேர் போட்டால் ஆளுக்கு 7.7 வோல்ட். திருஷ்டி பூசணிக்காய் என்ன செய்யும்?

மல்டிமீட்டரை வைத்து நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வாங்கும் எல்லாரும் இதைச் செய்வார்கள். 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி ஓம் பார்த்தேன். கணக்குப்படி 882 வரவேண்டும். 65 காட்டியது. 52,900 ÷ 65 என்றால் 800 வாட்டுக்கு மேல்! பல்பு இழை ஆறியிருக்கும்போது ஒரு தடை, 2,000 டிகிரிக்கு மேல் காயும்போது அதைப்போலப் பத்துப் பதின்மூன்று மடங்கு. சுவிட்சைப் போடும் நொடியில்தான் பழைய பல்புகள் ஃப்யூஸ் ஆகும், பார்த்திருப்பீர்கள். அடுத்து மோட்டார் காயிலை அளந்தேன், 3 ஓம். 230 ÷ 3 = 77 ஆம்பியர் என்று பதறிப்போனேன். காயில் ஏ.சி.யில் வெறும் கம்பியாக நடக்காது, சுற்றும் மோட்டார் எதிர்வோல்ட்டும் உண்டாக்கும். மீட்டரின் ஓம் கீசர், இஸ்திரிப்பெட்டி போன்ற வெறும் சூட்டுச் சாமான்களுக்கு மட்டும் நேராகப் பொருந்தும். அங்கேகூட லைனைத் துண்டித்துவிட்டு, பிளக்கைக் கழற்றிய பிறகே ஓம் பார்க்கவேண்டும்.

எச்.பி.யும் அப்படித்தான். ஒரு எச்.பி. 746 வாட், 230-ஆல் வகுத்தால் 3.2 ஆம்பியர் என்று போட்டு வயர் வாங்கினால் போச்சு. 746 என்பது மோட்டார் தண்டில் வெளியே கொடுப்பது. உள்ளே வாங்குவது அதைவிட நிறைய, அதோடு பவர் ஃபேக்டர் (இழுக்கும் ஆம்பியர் முழுதும் வேலைக்கு ஆகாத குறை) வேறு. மோட்டார் உடம்பில் ஒட்டிய தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.

மின்சாரத்தைத் தண்ணீராக வைத்துச் சொல்வார்கள்: தொட்டி உயரம் வோல்ட், ஓடும் அளவு ஆம்பியர், குழாய் குறுகல் ஓம். பெரியாறு வாய்க்காலில் மடை திறந்து வளர்ந்த எனக்கு அது எளிதாகப் பிடிபட்டது, ஆனால் ஒரு எல்லைக்கு மேல் கெடுத்தது. குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும், வயரை அறுத்தால் ஓட்டம் நிற்கும். 'திரும்பி வரும் 80 மீட்டரை' நான் மறந்ததற்கும் அந்த உவமைதான் காரணம். வயலுக்குப் போன தண்ணீர் அணைக்குத் திரும்பி வருவதில்லையே.

கொட்டகை என்பதால் ஒரு கணக்கு கட்டாயம். ஈரக் கை, ஈரத் தரை என்றால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கும். 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிர்போக இதில் சிறு பங்கே போதும். ஆனால் எம்.சி.பி.க்கு இது ஒரு கொசு, கண்டுகொள்ளாது. அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. தனியாக வைக்கவேண்டும். மாட்டுக்கு நம்மைவிடத் தடை குறைவு, நான்கு காலும் ஈரத்தில். புது வயர் இழுத்த அன்றே எர்த் குழி புதுப்பித்து ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம். அதை லைசென்ஸ் உள்ள ஆள்தான் செய்தார். அளப்பதும் கணக்குப் போடுவதும் என் வேலை, மெயின் போர்டுக்குள் கை வைப்பது இல்லை.

பழைய ஒரு ஸ்கொயர் வயரைக் கழற்றி எடைக்குப் போடலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். கொட்டகையில் இப்போது அதில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிகிறது. அது இழுப்பது 0.1 ஆம்பியர்கூட இல்லை. 2.9-ஆல் பெருக்கினால் 0.3 வோல்ட்டுக்கும் கீழே.